கல்லின் நிறம் சொல்லும் ஊர்

என்னிடம் எட்டு மில்லிமீட்டர் அகலத்தில் ஃப்ளோரைட் என்ற கனிமத்தின் ஒரு கனசதுரப் படிகம் இருக்கிறது. வெறும் கண்ணுக்கு வெளிர் ஊதா, அவ்வளவுதான். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பைக் கண்ணோடு ஒட்டி வைத்து, விளக்கைக் கல்லுக்குப் பின்னால் கொண்டுபோனால் அந்த ஊதா பிரிந்துவிடுகிறது. நடுவில் தண்ணீர்போல நிறமற்ற ஒரு குட்டிக் கனசதுரம். அதைச் சுற்றி முடி கனத்தில் ஓர் ஊதாக் கோடு. பிறகு மறுபடி நிறமில்லாத படலம், மறுபடி ஊதா. பெட்டிக்குள் பெட்டி வைத்த மாதிரி நான்கு வளையங்களை எண்ணலாம். பாறை இடுக்கில் ஓடிய சுடுநீரில் கரைந்திருந்த பொருள்கள் மாற மாற, படிகத்தின் மேல் ஏறிய படலமும் மாறியிருக்கிறது. மரத்தின் ஆண்டு வளையம் போலத்தான், ஆனால் ஒரு வளையத்துக்கு எத்தனை காலம் என்பதைக் கல் சொல்வதில்லை.

வண்ணப் படிகங்களைச் சேகரிக்க வருகிற எல்லோரையும் முதலில் இழுப்பது நிறம்தான். யாரும் செதுக்காமல், யாரும் பட்டை தீட்டாமல், விளிம்பு பிசகாத வடிவத்தோடு பச்சையும் நீலமுமாக ஒன்று மண்ணுக்குள்ளிருந்து வருகிறது என்பதை முதல் முறை பார்க்கிறவரால் நம்பவே முடியாது. கொஞ்ச காலம் போனால் ஒரு விஷயம் பிடிபடும். இது என்ன கனிமம் என்று கண்டுபிடிக்க நிறத்தை நம்பினால் பெரும்பாலும் ஏமாந்துபோவோம். அதே நிறம், அந்தக் கல் எந்த ஊர்ப் பாறையில், எப்படிப்பட்ட நிலையில் வளர்ந்தது என்பதற்குச் சாட்சி சொல்லும். கல்லின் பெயரை நிறத்திடம் கேட்காதீர்கள், ஊரைக் கேளுங்கள் என்பேன். சேகரிப்பில் எதை வைத்துக்கொள்வது, எதை எழுதி வைப்பது, எதை இருட்டில் பூட்டுவது என்ற எல்லா முடிவும் இதிலிருந்துதான் வருகிறது.

சில கனிமங்களுக்கு நிறம் பிறவிச் சொத்து. மாலகைட்டின் பச்சையும் அசுரைட்டின் ஆழ்ந்த நீலமும் செம்பினால் வருபவை. அந்தச் செம்பு அவற்றின் வேதி வாய்பாட்டிலேயே இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் கனிமமே இல்லை. ரோடோகுரோசைட்டின் ரோஜாச் சிவப்புக்கு மாங்கனீஸ் அப்படி. கந்தகத்தின் மஞ்சளும் அப்படியே. எந்தக் கண்டத்தில் தோண்டினாலும் அசுரைட் நீலமாகத்தான் இருக்கும்.

மற்றவையெல்லாம் இரவல் நிறம். அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த குருந்தம் சுத்தமாக இருந்தால் அதற்கு நிறமே கிடையாது. (உலகமெங்கும் இந்தக் கனிமத்துக்கு வழங்கும் கொரண்டம் என்ற பெயர் தமிழின் குருந்தத்திலிருந்து போனது. ஒவ்வொரு முறை அந்தப் பெயரை லேபிளில் எழுதும்போதும் எனக்கு ஒரு சந்தோஷம்.) அலுமினியம் இருக்க வேண்டிய சில இடங்களில் கொஞ்சமே கொஞ்சம் குரோமியம் உட்கார்ந்துகொண்டால் அது மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் அக்கம்பக்கத்தில் அமர்ந்து, ஒன்றிலிருந்து மற்றதற்கு எலக்ட்ரான் தாவினால் அது நீலக்கல். சிவப்பும் நீலமும் ஒரே கனிமம்.

அதே குரோமியம் பெரில் என்ற கனிமத்துக்குள் புகுந்தால் மரகதப் பச்சை வருகிறது. ஒரே அணு, அங்கே சிவப்பு, இங்கே பச்சை. குருந்தத்தில் குரோமியத்தைச் சூழ்ந்த ஆக்சிஜன் அணுக்கள் அதை நெருக்கிப் பிடித்திருக்கின்றன. பெரிலில் அந்தப் பிடி கொஞ்சம் தளர்வு. இந்தச் சின்ன வித்தியாசத்தில் உறிஞ்சப்படும் ஒளியின் அலைநீளம் நகர்ந்துவிடுகிறது. குருந்தம் பச்சையை விழுங்கிச் சிவப்பை வெளியே விடுகிறது, பெரில் சிவப்பை விழுங்கிப் பச்சையை விடுகிறது. அதே பெரிலில் இரும்பு சேர்ந்தால் கடல்நீர் நிறத்து அக்வாமரைன். மாங்கனீஸ் சேர்ந்தால் இளஞ்சிவப்பு மார்கனைட்.

குவார்ட்ஸின் கதை இன்னும் நீளம். அதன் ஊதா வகையான செவ்வந்திக்கல்லுக்கு (அமெதிஸ்ட்) நிறம் வர இரும்பு மட்டும் போதாது. சிலிக்கான் இருக்க வேண்டிய இடங்களில் துளியளவு இரும்பு புகுந்திருக்க வேண்டும். பிறகு சுற்றியுள்ள பாறையிலிருந்து வரும் இயற்கைக் கதிரியக்கம், மிக மெல்லியதாக, மனிதக் கணக்குக்குள் அடங்காத காலம் அதன்மேல் பட வேண்டும். கதிர் பட்டு இரும்பணு ஓர் எலக்ட்ரானை இழந்த நிலையில்தான் ஊதா தோன்றுகிறது. இரும்புக்குப் பதில் அலுமினியம் புகுந்திருந்தால் அதே கதிர் புகை நிறத்தைத் தந்துவிடும். ஆக, உள்ளங்கையில் இருக்கும் ஒரு செவ்வந்திக்கல், தன்னைச் சுற்றியிருந்த பாறை எவ்வளவு கதிர்வீச்சு உள்ளது, தான் வளர்ந்த நீரில் என்ன கரைந்திருந்தது, பிறகு தனக்குச் சூடு ஏறியதா இல்லையா என்ற மூன்றையும் நிறமாகச் சுமந்துகொண்டிருக்கிறது.

நிறத்தை வைத்துப் பெயர் சொல்லிச் சறுக்கியவர்கள் பெரிய இடத்திலும் உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இன்றைய கஜகஸ்தானிலிருந்து கண்ணைப் பறிக்கும் பச்சைப் படிகங்கள் வந்தன. மரகதம் என்றே எடுத்துக்கொண்டார்கள். அவற்றைச் சோதித்த பிரெஞ்சுப் படிகவியலாளர் ஹாவுய், 1797-ல், இது வேறு கனிமம் என்று சொல்லி டயாப்டேஸ் என்று பெயர் வைத்தார். படிகத்தை உடைக்காமலேயே அது பிளக்கக்கூடிய சமதளங்கள், அதாவது பிளவுத்தளங்கள், உள்ளே தெரிகின்றன. 'ஊடே பார்த்தல்' என்ற பொருளில் கிரேக்கச் சொற்களிலிருந்து பிறந்த பெயர் அது. மோஸ் கடினத்தன்மை அளவில் மரகதம் 7.5-க்கு மேல், டயாப்டேஸ் 5 மட்டுமே. ஒரு குவார்ட்ஸ் துண்டு போதும், கீறல் விழுந்துவிடும். பிரிட்டன் அரச மகுடத்தின் முன்பக்கத்தில் பதித்திருக்கும் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' உண்மையில் ஸ்பினெல் என்ற வேறு கனிமம். அதிலும் சிவப்புக்குக் காரணம் குரோமியம்தான் என்பதால், கண்ணால் மட்டும் பார்த்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

அதனால் அடையாளம் காண வேறு வழிகள் வேண்டும். மெருகில்லாத பீங்கான் ஓட்டில் தேய்த்துப் பொடியின் நிறத்தைப் பார்ப்பது ஒன்று: இரும்புபோலக் கறுத்து மின்னும் ஹெமடைட், ஓட்டில் செங்காவிக் கோடு இழுக்கும். கடினத்தன்மை, அடர்த்தி, பிளவு, முகங்களுக்கு இடையிலான கோணம் ஆகியவை மற்றவை. குவார்ட்ஸ் படிகம் பெரிதானாலும் சிறிதானாலும், நெடுகி வளர்ந்தாலும் குட்டையாக வளர்ந்தாலும், ஒத்த முகங்களுக்கு இடையே கோணம் மாறுவதில்லை என்று டென்மார்க் அறிவியலாளர் ஸ்டெனோ 1669-லேயே எழுதிவிட்டார். நிறம் இந்தப் பட்டியலில் கடைசியில் வர வேண்டியது.

ஆனால் 'எங்கே' என்ற கேள்விக்கு வந்தால் நிறம் முதல் வரிசைக்கு வந்துவிடும். மெக்சிகோவின் வேராகுரூஸ் செவ்வந்திக்கற்கள் விரல்போல ஒல்லியாக, வெளிர் ஊதாவாக, கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். உருகுவேயின் ஆர்ட்டிகாஸிலிருந்து வருபவை எரிமலைப் பாறையின் குமிழிக் குகைகளுக்குள் குட்டைக் கூம்புகளாக நெருக்கியடித்து வளர்ந்தவை. திராட்சைச் சாறுபோல அடர்ந்த ஊதா. பழகிய கண் இரண்டையும் ஒரு கணமும் குழப்பிக்கொள்ளாது. இங்கிலாந்தின் வியர்டேல் பள்ளத்தாக்கில் ரோஜர்லி சுரங்கத்தின் ஃப்ளோரைட் விளக்கொளியில் பச்சை; வெளியே பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் நீலமாக மாறிவிடும். சூரிய ஒளியில் உள்ள புறஊதாக் கதிர் அந்தப் படிகத்தை உள்ளிருந்து நீலமாக ஒளிரவைக்கிறது. கல்லில் கலந்த யூரோப்பியம் என்ற தனிமத்தின் வேலை அது. பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் 1852-ல் இந்த வகை ஒளிர்வுக்குப் பெயர் தேடியபோது ஃப்ளோரைட்டையே எடுத்துக்கொண்டார். ஃப்ளோரசன்ஸ் என்று நாம் சொல்வதன் வேர் ஒரு கனிமப் பெயர்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் தக்காணம். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பில் வாயுக் குமிழிகள் தங்கிப்போயின. பிற்பாடு அந்தக் குமிழிகளுக்குள் நீர் ஊறி, ஸ்டில்பைட், ஹியூலண்டைட், அபோஃபிலைட் என்று படிகங்கள் குடிபுகுந்தன. புனேக்கு அருகே வாகோலி குவாரிகளில் கிடைக்கும் கேவன்சைட் இந்தக் கூட்டத்தின் அரசி. வெள்ளை ஸ்டில்பைட் படுக்கைமேல், மயில் கழுத்து நீலத்தில், ஊசிகள் சிலிர்த்துக்கொண்ட பந்துகளாக உட்கார்ந்திருக்கும். கால்சியம், வனேடியம், சிலிக்கேட் என்ற சொற்களின் முதல் ஒலிகளைச் சேர்த்து வைத்த பெயர் அது. முதலில் கண்டறியப்பட்டது அமெரிக்காவின் ஓரிகனில். ஆனால் உலகச் சேகரிப்புகளில் இருக்கும் நல்ல கேவன்சைட்டைப் பார்த்தால் ஊர் கேட்கத் தேவையில்லை. தக்காணத்து அபோஃபிலைட்டின் பச்சைக்கும் காரணம் அதே வனேடியம்தான். கட்டடத்துக்கும் சாலைக்கும் ஜல்லி உடைக்கிற குவாரிகள் அவை. யாராவது கவனித்துக் கையால் எடுத்து வைக்காத படிகம் நேரே அரவை இயந்திரத்துக்குப் போய்விடும். சுரங்கங்களிலும் இதே நிலைமைதான். சேகரிப்பாளர்கள் காப்பாற்றியதால் மட்டுமே இன்று இருக்கும் கற்கள் ஏராளம். இந்தப் பழக்கத்துக்கு நான் சொல்லும் முதல் நியாயம் இது.

நமீபியாவின் சூமெப் சுரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செம்பு, ஈயம், துத்தநாகம் மூன்றும் உள்ள தாது; அதோடு மிக ஆழம்வரை ஆக்சிஜன் கலந்த நிலத்தடி நீர் இறங்கிப் பழைய கனிமங்களைக் கரைத்துப் புதியவற்றைக் கட்டியது. இருநூறுக்கும் மேற்பட்ட கனிம வகைகள் அந்த ஓர் இடத்தில். அசுரைட் படிகத்தின் வடிவம் அப்படியே இருக்க, உள்ளே பொருள் முழுதும் மாலகைட்டாக மாறிவிட்ட பச்சைக் கற்களும் அங்கே உண்டு. உருவம் ஒருவருடையது, உடல் இன்னொருவருடையது. 1996-ல் சுரங்கம் மூடப்பட்டது. அங்கிருந்து ஏற்கெனவே வெளியே வந்தவற்றைத்தான் இனி உலகம் கைமாற்றிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட ஒரு கல்லோடு வந்த பழைய சீட்டைத் தூக்கிப்போட்டால் என்ன ஆகும்? கல்லின் அழகு ஓர் இம்மிகூடக் குறையாது. ஆனால் இன்ன சுரங்கத்தின் இன்ன ஆழத்தில் என்ன நடந்தது என்பதற்கு அது இனிச் சாட்சி சொல்ல முடியாது.

அதனால்தான் சேகரிப்பாளர்கள் லேபிளைக் கல்லுக்குச் சமமாக மதிக்கிறார்கள். கனிமத்தின் பெயரைத் தொலைத்தால் திரும்பக் கண்டுபிடித்துவிடலாம். எக்ஸ் கதிர்ச் சோதனை இருக்கிறது, வேதிப் பகுப்பாய்வு இருக்கிறது. ஊரைத் தொலைத்தால் பெரும்பாலும் தொலைந்ததுதான். நாடு மட்டும் எழுதிய லேபிள் பாதி லேபிள். சுரங்கம், அருகிலுள்ள ஊர், மாவட்டம், நாடு, கிடைத்த ஆண்டு, யார் கையிலிருந்து வந்தது ஆகியவை வேண்டும். முந்தைய உரிமையாளர்களின் சீட்டுகள் கிழிந்திருந்தாலும் கூடவே வைக்க வேண்டும். அவற்றில் எழுத்துப் பிழை இருந்தால் திருத்தக் கூடாது. தனிச் சீட்டில் திருத்தம் எழுதலாம்.

இரவல் நிறம் என்றால் மனிதரும் இரவல் கொடுக்கலாம் அல்லவா? போலிகள் அங்கேதான் நுழைகின்றன. செவ்வந்திக்கல்லைச் சுமார் 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் ஊதா போய்ப் பல கற்கள் மஞ்சளாகும். வெள்ளை அடிப்பகுதியும் எரிந்த ஆரஞ்சு நுனியுமாக 'சிட்ரின்' (மஞ்சள் குவார்ட்ஸ்) என்று விற்பனைக்கு வைத்திருக்கும் கொத்துகள் பெரும்பாலும் இப்படி வந்தவை. இயற்கைச் சிட்ரின் வெளிறிய, லேசாகப் புகை கலந்த மஞ்சள். வானவில்போல மின்னும் குவார்ட்ஸ், உலோக ஆவி பூசியது. கத்தரிப்பூ நிறமும் பளீர் நீலமுமான அகேட் சில்லுகள் சாயத்தில் ஊறியவை. கொழுந்து நீலத்தில் பெரிய பெரிய படிகங்களாகச் சால்கன்தைட் தென்பட்டால், செம்புச் சல்பேட் கரைசலில் வளர்த்ததா என்று முதலில் கேளுங்கள். படிக்கட்டு படிக்கட்டாக மின்னும் பிஸ்மத் முழுக்க மனிதர் உருக்கி வளர்ப்பது. இவற்றை வளர்ப்பதிலோ விரும்புவதிலோ தவறே இல்லை. வளர்த்தது என்று சீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். என்னைக் கோபப்படுத்துவது வேறொன்று: உடைந்த படிகத்தை வேறோர் ஊரின் தாய்ப்பாறைமேல் (படிகம் வளர்ந்து நிற்கும் அடிப்பாறை) பசை போட்டு ஒட்டி விற்பது. அது கல்லின் வாயில் பொய்யை வைப்பது. புறஊதா விளக்கில் பல பசைகள் வெளிறிய நீலமாக ஒளிர்ந்து காட்டிக்கொடுக்கும்; படிகமும் பாறையும் சேருமிடத்தை லூப்பில் பார்த்தால் இடுக்கில் குமிழிகளும் தெரியும்.

இரவல் வாங்கிய நிறம் திரும்பியும் போகும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் தாமஸ் மலைத்தொடரின் டோபாஸ், பாறைப் பொந்தைத் திறந்த கணத்தில் தேன் பழுப்பாக இருக்கும். வெயிலில் கிடந்தால் சில நாட்களிலேயே நிறமற்றுப்போகும். கதிரியக்கம் கட்டிவைத்த நிறத்தைச் சூரியன் அவிழ்த்துவிடுகிறது. இளஞ்சிவப்புக் குன்சைட்டும் வெளுக்கும். செவ்வந்திக்கல்கூட நாள்பட்ட வெயிலில் சோர்ந்துபோகும். விவியனைட் இதற்கு நேர் எதிர்: புதிதாக எடுக்கும்போது நிறமற்று இருந்து, ஒளியும் காற்றும் பட நீலமாகி, கறுத்து, கடைசியில் பிளந்துவிடும்.

ஒளியின் பலத்தை நான் கற்றுக்கொண்டது ஒரு ரியால்கரிடம். ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த, இரத்தினம்போலச் சிவந்த படிகம். விளக்குப் போட்ட அலமாரியில் மேல் தட்டில் வைத்திருந்தேன், எல்லோரும் பார்க்கட்டும் என்று. சில மாதங்களில் முகங்கள் மங்கின. பிறகு ஒருநாள் அதன் அடியில் மஞ்சள் பொடி கொட்டிக் கிடந்தது. ஒளி பட்டால் ரியால்கரின் மூலக்கூறுகள் இடம் மாறிப் பாராரியால்கர் என்ற மஞ்சள் பொருளாகிவிடுகின்றன. திரும்பிவர வழியில்லை. பூமி அத்தனை காலம் இருட்டில் பத்திரமாக வைத்திருந்ததை நான் ஒரு வருடத்துக்குள் இழந்துவிட்டேன். இப்போது ஒளிக்கு அஞ்சும் கற்களெல்லாம் மூடிய இழுப்பறையில் இருக்கின்றன.

வெப்பமும் ஈரமும் வேறு விதம். கந்தகப் படிகத்தைக் கையில் இறுக்கிப் பிடித்துக் காதருகே கொண்டுபோனால் மெல்லிய பொரியும் சத்தம் கேட்கும். உள்ளங்கைச் சூட்டில் அது விரிசல் விடும் ஓசை அது. உடனே கீழே வைத்துவிடுங்கள். ஹாலைட் காற்றின் ஈரத்தைக் குடித்து விளிம்பு மழுங்கும். மார்கசைட் ஈரத்தில் சிதைந்து கந்தக அமிலம் கக்கும். அந்த அமிலம் அட்டைப் பெட்டியைத் தின்னும், பக்கத்துக் கல்லைத் தின்னும், லேபிளையும் தின்னும். ஒரு கல் தன் ஊர்ப் பெயரைத் தானே அழித்துக்கொள்வதைப் பார்க்க வேதனையாக இருக்கும்.

நமக்கு ஆகாதவையும் உண்டு. ரியால்கரில் ஆர்சனிக், சின்னபாரில் பாதரசம், இலைப் பச்சைத் தகடுகளாக மின்னும் டார்பர்னைட்டில் யுரேனியம். தொட்டால் கை கழுவ வேண்டும், பொடி பறக்க உரசக் கூடாது, யுரேனியக் கற்களைப் படுக்கையறையில் வைக்கவே கூடாது. அவை ரேடான் வாயுவை வெளிவிடுபவை. அனுமதி விஷயத்திலும் கறாராக இருக்க வேண்டும். நில உரிமையாளரையோ சுரங்கத்தையோ கேட்காமல் எடுத்த கல்லுக்கு நேர்மையான லேபிள் எழுத முடியாது. பாதுகாக்கப்பட்ட பூங்காவிலும் குகையிலும் இருப்பது அங்கேயே இருக்கட்டும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை: சிறியதாகத் தொடங்குங்கள். 2.5 செ.மீ. பெட்டிக்குள் அடங்குவதைத் தம்ப்நெயில் என்பார்கள். அதைவிடச் சிறியவை மைக்ரோமவுண்ட், நுண்ணோக்கியில் பார்ப்பவை. படிகம் சின்னதாக இருக்கும்போது வளர இடம் தாராளம், மோத அண்டைவீட்டார் இல்லை; எல்லா முகமும் குறையின்றி அமைய வாய்ப்பு அதிகம். உலகில் அங்கீகரிக்கப்பட்ட கனிமங்கள் சுமார் ஆறாயிரம். அவற்றில் ஏராளமானவை கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்வதே இல்லை. ஒரே கனிமத்தைப் பல ஊர்களிலிருந்து சேர்ப்பதும் நல்ல வழி. பத்து ஊர்களின் ஃப்ளோரைட்டை ஒரே தட்டில் அடுக்கிப் பாருங்கள்: மஞ்சள், பச்சை, ஊதா, நீலம், ரோஜா நிறம். வாய்பாடு ஒன்றுதான், கால்சியத்துக்கு இரண்டு ஃப்ளோரின்.

கல் வீட்டுக்கு வந்த அன்றே எண் போட்டுவிட வேண்டும். தாய்ப்பாறையின் அடிப்புறத்தில், கண்ணில் படாத ஓரத்தில், கடுகளவு வெள்ளைப் பெயின்ட். காய்ந்ததும் மெல்லிய நிப்பால் கறுப்பு மையில் எண். அதன்மேல் நிறமற்ற வார்னிஷ் ஒரு பூச்சு. அதே எண் பதிவேட்டிலும் லேபிளிலும். கல்லும் சீட்டும் பிரிந்துபோனாலும் எண் இரண்டையும் சேர்த்துவைக்கும்.

முதலில் சொன்ன அந்த ஃப்ளோரைட்டில் எண் எழுத இடமில்லை. பெட்டியின் அடியில்தான் எழுதியிருக்கிறேன். ஊர் பேர் இல்லாத கலவைக் கற்களோடு என்னிடம் வந்தது அது. வளையங்களையும் ஊதாவின் சாயலையும் தெரிந்த ஊர்களின் கற்களோடு பலமுறை ஒப்பிட்டிருக்கிறேன். இரண்டு இடங்கள் மனதில் நிற்கின்றன. ஆனால் நான் ஊகித்து எழுதினால் அடுத்து வாங்குகிறவர் அதை உண்மையென்று படிப்பார். லேபிளில் இப்படி இருக்கிறது: ஃப்ளோரைட், கனசதுரம், 8 மி.மீ., நான்கு ஊதா வளையங்கள். அதற்குக் கீழே 'கிடைத்த இடம்' என்று எழுதி, எதிரே ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன்.